வாயில் அறியாத வழங்கி

தோற்றுவாய்

ஒரு பொருள் கெட்டவிடத்து அதனைச் செப்பனிடப் புகுவோர் இருதிறத்தர். கைக்கு எட்டியதையெல்லாம் கழற்றி மாற்றி, யாதானும் ஒன்றால் அது சீர்ப்படின், அதுவே காரணம் எனக் கொள்வோர் ஒருதிறத்தர். கெடுதியின் குறிகளை நிரல்பட ஆராய்ந்து, இஃதன்று, இஃதும் அன்று என ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சி நின்றதனைக் காரணமெனத் துணிவோர் மற்றொரு திறத்தர். முன்னவர்க்கும் சிலபோது வெற்றி கிட்டும். ஆனால் அவ்வெற்றியால் அறிவு வளராது. அடுத்த முறை அதே கெடுதி நேரின் அவர் மீண்டும் இருளிலேயே தடவுவர். பின்னவரோ தோற்றபோதும் ஒன்று கற்பர்.

யான் முன்னவர் கூட்டத்திலிருந்து பின்னவர் கூட்டத்திற்கு வந்த வரலாற்றினையும், அவ்வழியிற் கற்ற பாடத்தினையும் இக்கட்டுரையிற் கூற விழைகின்றேன். தொல்காப்பியம் பயிலும் மாணவனுக்குக் கணிப்பொறியோடு யாது தொடர்பு என அன்பர் வினவக்கூடும். எம் தமிழ்த்துறைக்கெனச் சர்வர் என்று சொல்லப்படும் வழங்கி ஒன்று உண்டு. ஏட்டுச்சுவடிகளின் ஒளிப்படங்களும், உரைநூல்களும், சொல்லடைவுகளும் அதன்கண் வைக்கப்பட்டுள்ளன. நூலகத்திலிருந்தும் விடுதியிலிருந்தும் மாணவர் அவற்றைத் தத்தம் கணிப்பொறிகளில் எடுத்துப் படிப்பர். அவ்வழங்கியைப் பேணும் பொறுப்பினைச் சென்ற ஆண்டு முதல் பேராசிரியர் என்பால் ஒப்புவித்திருந்தார். தொடர்பு இத்துணையே.

நிகழ்ச்சி

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஓரிரவு நெடுநேரம் மின்சாரம் நின்றது. சேமக்கலத்தின் ஆற்றலும் தீர்ந்து வழங்கி அணைந்தது. காலையில் மின்சாரம் வந்து அது மீண்டும் எழுந்தது. ஆயினும் நூலகத்திலும் விடுதியிலும் இருந்த ஒருவருக்கேனும் அது கிட்டவில்லை. ஏறக்குறைய முப்பது மாணவர் என் அறைவாயிலில் வந்து நின்றனர். யான் கணிப்பொறிக் கூடத்திற்கு விரைந்தேன். அங்குள்ள முதிய பணியாளர் வழங்கியிருந்த மேசையின் அடியிற் பெருக்கிக்கொண்டிருந்தார். கம்பிகள் சிறிது நிலைபெயர்ந்து கிடந்தன. வேறொன்றும் நோக்காது, “இவர் பெருக்கியபோது கம்பி அறுந்திருக்க வேண்டும்” எனப் பேராசிரியர் முன்னிலையிலேயே சொல்லிவிட்டேன்.

“தம்பி, அந்தக் கம்பியை நான் தொடவேயில்லையே” என்றார் அவர். என் சொல்லை நம்பிய பேராசிரியர் அவரைக் கடிந்துகொண்டார். அவர் மறுமொழி கூறாது துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அப்பாற் சென்றார். நிற்க.

வாயில் என்பது யாது?

மேற்சொல்வதற்கு முன்னர், வாயில் என்னும் சொல்லின் பொருளை விளக்குதல் இன்றியமையாதது. வலையமைப்பிற் சேர்ந்த ஒவ்வொரு பொறிக்கும் ஐபி முகவரி என ஓர் எண் உண்டு. 1981-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற நான்காம் பதிப்பின்படி அது 32 இரும இலக்கங்களால் ஆயது. மாந்தர் படித்தற்கு எளிதாமாறு அதனை நான்கு கூறாக்கி, ஒவ்வொரு கூற்றையும் 0 முதல் 255 வரையுள்ள எண்ணால் எழுதுவர். எங்கள் வழங்கியின் முகவரி 192.168.10.20 என்க.

இம்முகவரியோடு ஸப்நெட் மாஸ்க் என்னும் மற்றோர் எண்ணும் சேர்ந்தே நிற்கும். முகவரியில் எத்துணைப் பகுதி தெருவின் பெயர், எத்துணைப் பகுதி வீட்டின் இலக்கம் என்று வரையறுப்பது அதுவே. 255.255.255.0 என்று அது இருப்பின், முதல் மூன்று கூறுகளும் தெரு. நான்காவது கூறு வீடு. ஆகவே 192.168.10 என்று தொடங்கும் முகவரிகள் யாவும் ஒரு தெருவினர். அத்தெருவில் 256 எண்கள் உண்டு. முதலும் ஈறும் வேறு பயனுக்கு உரியனவாதலின் பொறிகளுக்கு எஞ்சுவன 254.

ஒரே தெருவிலுள்ளார்க்கு வழங்கி நேரே செய்தி கொடுக்கும். வேற்றுத் தெருவினர்க்கு அது நேரே கொடுத்தல் இயலாது. தெருமுனையில் இரு தெருக்களுக்கும் பொதுவாய் நிற்கும் ஒரு பொறியிடம் கொடுக்க, அஃது அப்பாற் கொண்டுசெல்லும். அப்பொறியே கேட்வே எனப்படும் வாயில். வாயிலின் முகவரி வழங்கி இருக்கும் தெருவிற்குள்ளேயே அமைந்திருத்தல் வேண்டும். அன்றேல், வாயிலை அடைதற்கு மற்றொரு வாயில் வேண்டும் என்னும் முடிவில்லாக் குற்றம் நேரும்.

இன்னும் ஒன்று உணரத்தக்கது. ஐபி முகவரி ஊரார் இட்ட பெயர் போன்றது, வேண்டியபோது மாற்றலாம். கம்பியின் வழியே செய்தி செல்லுதற்கோ, மேக் முகவரி என்னும் 48 இலக்க அடையாளம் வேண்டும். அதன் முதல் 24 இலக்கங்கள் செய்தோரைக் குறிப்பன. ஐபி முகவரி ஒன்றை அறிந்த பொறி, அதற்குரிய மேக் முகவரியை அறியும் பொருட்டுத் தெருமுழுவதும் கேட்கும்படி, “இவ்வெண்ணுக்கு உரியார் யார்?” எனக் கூவும். உரியது மட்டும் “யானே” என விடையிறுக்கும். கேட்ட பொறி அவ்விடையைத் தன் குறிப்பேட்டிற் சிலகாலம் பதிந்து வைக்கும். ஆர்ப் எனப்படும் இம்முறையை 1982-இல் வகுத்து வெளியிட்டவர் டேவிட் பிளம்மர் என்பார். வாயிலை அடையாத வழங்கியை ஆராய்வோர்க்கு இக்குறிப்பேடே தலையாய சான்று.

ஆராயும் முறை

அன்று மாலை, சினம் தணிந்தபின், கணிதவியல் பயிலும் என் நண்பரொருவர் என் அருகில் அமர்ந்து, “அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்க, ஒரு நேரத்தில் ஒன்றையே வினவுக, விடை பெறாமல் எதனையும் மாற்றற்க” என்றார். அம்மூன்று விதிகளையும் பின்பற்றி யாங்கள் செய்த ஆராய்ச்சியைப் படிமுறையிற் கூறுவேன்.

முதற்படி கம்பி. கம்பி செருகிய இடத்தில் வழங்கியின்பாலும் சுவிட்சின்பாலும் சிறு விளக்குகள் உள்ளன. அவை ஒளிராவிடின் கம்பியறுந்ததோ, செருகி நெகிழ்ந்ததோ, சுவிட்சின் துளை கெட்டதோ ஆகலாம். செப்புக்கம்பி 100 மீட்டருக்கு மேல் நீளலாகாது என்னும் வரையறையும் நினைவிற் கொள்ளத்தக்கது. எங்கள் வழங்கியில் இருபாலும் விளக்குகள் ஒளிர்ந்தன. இணைப்பு உயிரோடிருப்பதாக வழங்கியும் சொல்லிற்று. காலையில் யான் ஒரு நொடி குனிந்து அவ்விளக்கை நோக்கியிருந்தால், அம்முதியவர்மேற் பழி சுமத்தியிரேன். இஃது எனக்கு அப்பொழுதே உறைத்தது.

இரண்டாம்படி தன் முகவரி. பிறரை ஐயுறுமுன் வழங்கி தன்னைத் தான் யாரென்று கருதியிருக்கின்றது என்பதைக் கேட்டல் வேண்டும். முகவரியே இல்லாதிருக்கலாம். முகவரி வழங்கும் பொறி விடைதாராதபோது சில பொறிகள் தாமாகவே 169.254 என்று தொடங்கும் எண்ணொன்றைச் சூடிக்கொள்ளும். அதனைக் கண்டால் முகவரி கொடுப்பார் எவரும் கிட்டவில்லை என்று உணரலாம். முகவரி சரியாயிருந்தும் மாஸ்க் பிழைபடின், தெருவின் எல்லை மாறிவிடும். சான்றாக, 255.255.255.0 என இருக்கவேண்டிய இடத்தில் 255.255.255.240 என இருப்பின், 192.168.10.20 என்னும் முகவரிக்குரிய தெரு 16 முதல் 31 வரையே ஆகும். 1 என்னும் இலக்கமுடைய வாயிலும் 254 என்னும் இலக்கமுடைய வாயிலும் அதற்குப் புறத்தனவாம். எங்கள் வழங்கியில் முகவரியும் மாஸ்க்கும் பிழையின்றி இருந்தன.

மூன்றாம்படி அயலார். தெருவிலுள்ள மற்றொரு பொறியைக் கூவிப் பார்த்தல் வேண்டும். இதற்குப் பிங் என்னும் சிறு கருவி உண்டு. அமெரிக்கப் படைத்துறையின் ஆய்வுக்கூடம் ஒன்றிற் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர், 1983-ஆம் ஆண்டு டிசம்பரில், வலையமைப்பில் நேர்ந்த ஒரு குழப்பத்தின் காரணம் அறிய வேண்டி ஏறக்குறைய ஒரு மாலைப்பொழுதில் அதனை எழுதினார். நீர்மூழ்கிகளை அறிய ஒலியைச் செலுத்தி எதிரொலியைக் கேட்கும் கருவியின் ஓசையே அதற்குப் பெயராயிற்று. எங்கள் வழங்கியிலிருந்து கூடத்தின் மற்றொரு கணிப்பொறியைக் கூவினோம். உடனே எதிரொலி வந்தது. ஆகவே கம்பியும் சுவிட்சும் குற்றமற்றன என்பது உறுதியாயிற்று. விளக்கு எரிதல் மட்டும் இதற்குச் சான்றாகாது. ஒரே சுவிட்சை வீலேன் என்னும் முறையால் பல தெருக்களாகப் பிரித்து வைத்தல் உண்டு. பிழையான தெருவிற் செருகியிருப்பினும் விளக்கு ஒளிரவே செய்யும். அயலார் விடைதருதலே அவ்வையத்தையும் நீக்குவது.

நான்காம்படி வாயில். வழங்கியின் வழிக்குறிப்பை எடுத்து நோக்கினோம். வேற்றுத் தெருவினர்க்குரிய யாவற்றையும் 192.168.10.1 என்னும் வாயிலிடம் கொடுக்க என்று அதில் இருந்தது. அவ்வெண்ணைக் கூவினோம், “அடைதற்கியலாது” என்னும் சொல்லே திரும்ப வந்தது.

மௌனத்தின் வகைகள்

இவ்விடத்தில் கற்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. விடை வாராமை யாவும் ஒருதன்மைய அல்ல. “வலை அடைதற்கியலாது” என்று வழங்கி உடனே சொல்லுமாயின், அதன் வழிக்குறிப்பில் அவ்விடத்திற்கு வழியே எழுதப்படவில்லை என்பது பொருள். “அப்பொறி அடைதற்கியலாது” என்று தன் முகவரியிலிருந்தே சிறிது நேரங்கழித்துச் சொல்லுமாயின், வழி எழுதப்பட்டிருந்தும், “இவ்வெண்ணுக்கு உரியார் யார்?” என்ற கூவலுக்குத் தெருவில் எவரும் விடையிறுக்கவில்லை என்பது பொருள். யாதொரு சொல்லும் இன்றிக் காலம் மட்டும் கழியுமாயின், உரியார் இருக்கின்றார், ஆயினும் எதிரொலி வந்து சேரவில்லை என்பதே பெரும்பான்மையும் பொருள். சில வாயில்கள் காவலின் பொருட்டுப் பிங் கூவலுக்கு விடைதாராதிருத்தலும் உண்டு. அங்ஙனமாயின் அம்மௌனம் கெடுதியன்று.

ஆர்ப் குறிப்பேடு இதனைத் தெளிவாக்கும். வாயிலின் எண்ணுக்கு எதிரே மேக் முகவரி பதிந்திருப்பின், வாயில் உயிரோடு உள்ளது. தடை காவற்சுவரிலோ அப்பாலோ இருக்கும். பதிந்திருந்தும் அது வாயிலின் உண்மையான மேக் முகவரியன்றிப் பிறிதொன்றாயின், வேறொரு பொறி அவ்வெண்ணைக் கவர்ந்து சூடியுள்ளது என்று அறியலாம். கடையில் வாங்கிய சிறு ரூட்டர் ஒன்றைச் சிந்தியாது செருகும் இடங்களில் இஃது அடிக்கடி நேர்வது. மேக் முகவரியின் முற்பாதி அதனைச் செய்தவரைக் காட்டுமாதலின், கள்வனைத் தேடுதல் எளிது. இனி, அவ்விடம் முற்றுப்பெறாது வெறுமையாயிருப்பின், அவ்வெண்ணுடையார் அத்தெருவிலேயே இல்லை.

எங்கள் குறிப்பேட்டில் 192.168.10.1 என்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை. இரண்டே முடிவுகள் எஞ்சின: வாயில் இறந்திருத்தல் வேண்டும், அன்றேல் அவ்வெண் வாயிலினுடையது அன்று.

ஐந்தாம்படி ஒப்புநோக்கல். சுவடிகளில் ஐயமான பாடத்தைத் துணிதற்குப் பிற சுவடிகளோடு ஒப்புநோக்குதல் எங்கள் துறைக்குப் பழகிய முறை. அதனையே ஈண்டும் கையாண்டோம். கூடத்தில் நன்கு இயங்கும் மற்றொரு கணிப்பொறியின் வழிக்குறிப்பை நோக்கினோம். அதில் வாயில் 192.168.10.254 என்று இருந்தது.

அவ்வெண்ணைக் கண்டவுடன் என் நெஞ்சு துணுக்குற்றது.

காரணம்

முந்திய பருவத்தில் கலாசாலையின் வலையமைப்பைத் திருத்தியபோது, பழைய வாயிற்பொறியை நீக்கிப் புதியதொன்றை நிறுவினர். அதற்கு 254 என்னும் இலக்கம் அளித்தனர். அன்று வழங்கியின் வழிக்குறிப்பைத் திருத்தியவன் யானே. ஓர் ஆணையைத் தட்டச்சிட்டேன், உடனே இயங்கிற்று, மகிழ்ந்து எழுந்து சென்றேன். ஆனால் அவ்வாணை இயங்கிக்கொண்டிருக்கும் வழங்கியின் நினைவில் மட்டுமே நின்றது. வழங்கி எழும்போதெல்லாம் படித்துக்கொள்ளும் அமைப்புக் கோப்பில் பழைய 192.168.10.1 என்பதே எழுதப்பட்டிருந்தது. பல திங்கள் வழங்கி அணையாதிருந்தமையால் என் பிழை வெளிப்படவில்லை. மின்சாரம் நின்ற இரவில் நினைவு அழிந்தது. காலையில் எழுந்த வழங்கி தன் ஏட்டைப் படித்து, இல்லாத வாயிலைத் தேடிக்கொண்டிருந்தது.

எல்லாக் குறிகளும் இதனோடு பொருந்தின. கூடத்திலிருந்தோர் ஒரே தெருவினராதலின் அவர்க்கு வழங்கி இடையறாது கிட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அதனை எவரும் வினவவில்லை. நூலகத்தாரும் விடுதியாரும் வேற்றுத் தெருவினர். அவர் வினாக்கள் புதிய வாயிலின் வழியே வழங்கியை வந்தடைந்தன; விடைகளோ பழைய வாயிலை நாடித் தெருவிலேயே நின்றன. கேட்டது செவிடு அன்று. பேசியவனுக்குத் திரும்பும் வழி தெரியவில்லை. யாருக்குக் கிட்டவில்லை என்பதோடு யாருக்குக் கிட்டுகின்றது என்பதையும் காலையிலேயே கேட்டிருப்பின், கம்பியின்மேல் ஐயம் எழவே இடமில்லை. கம்பியறுந்தால் ஒருவர்க்கும் கிட்டாது அன்றோ?

திருத்தம்

முதலில் இயங்கும் நினைவில் வாயிலை மாற்றினோம். நூலகத்தில் உடனே சுவடிகள் திறந்தன. யான் எழ முயன்றேன். நண்பர் என் கையைப் பிடித்து அமர்த்தினார். அமைப்புக் கோப்பின் பழைய படியொன்றை வேறு பெயரில் வைத்துவிட்டு, கோப்பில் 254 எனத் திருத்தினோம். பின்னர் வழங்கியை வேண்டுமென்றே அணைத்து எழுப்பினோம். அது தானே எழுந்து, தன் வாயிலைத் தானே கண்டு, விடுதியிலிருந்த மாணவர்க்கு விடை தந்தபின்னரே வேலை முடிந்தது என்றோம். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம், எந்நாளில் மாற்றினோம் என்பவற்றை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வழங்கியின் அருகிலேயே வைத்தோம். அணைத்து எழுப்பிப் பாராத திருத்தம் பாதித் திருத்தமே என்பது யான் கற்ற முதற்பாடம்.

வாய்மொழியாக வந்த பாடம் ஒரு தலைமுறை மறந்தால் அழியும் என்றும், ஏட்டிற் பிழைபட எழுதியது அதனைப் பார்த்து எழுதுவோரையெல்லாம் பிழைசெய்விக்கும் என்றும் வகுப்பிற் பலமுறை கேட்டிருக்கின்றேன். கேட்டதனை என் மேசைமேலிருந்த பொறியிற் காணவில்லை.

முடிவுரை

மறுநாட்காலை பேராசிரியரிடம் சென்று நடந்ததை மறையாது கூறினேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லாதிருந்து, “என்னிடம் சொன்னது நன்று, சொல்லவேண்டிய இடம் இதுவன்று” என்றார். கூடத்திற்குச் சென்றேன். அம்முதியவர் சன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார். “அண்ணாச்சி, பிழை என்னுடையது, கம்பியில் ஒன்றும் இல்லை” என்றேன். பேராசிரியரும் பின்னாலேயே வந்து, மாணவர் பலர் இருக்க, தாம் கடிந்தது தவறு என்றார். “சரி தம்பி, இப்போது வேலை செய்கிறதல்லவா?” என்றார் முதியவர். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்று முதல் அம்மேசையின் அடியில் அவர் பெருக்கும்போது, கம்பிகளை யானே தூக்கிப் பிடிக்கின்றேன்.

இக்கட்டுரையைப் படிக்கும் இளைய மாணவர்க்கு யான் சொல்லத்தக்கது இதுவே: பொறி வாயிலை அடையாதபோது, முதலில் விளக்கை நோக்குக; பின்னர்ப் பொறியின் முகவரியை வினவுக; பின்னர் அயலாரைக் கூவுக; அதன்பின்னரே வாயிலை நாடுக. கிடைத்த மௌனம் எவ்வகையது என்று பகுத்தறிக. நன்றாக இயங்கும் ஒன்றோடு ஒப்புநோக்குக. திருத்தியதை ஏட்டில் எழுதுக. எழுதியதை அணைத்து எழுப்பிச் சோதிக்க. இவையனைத்தும் முடியுமுன் ஒரு மனிதர்மேல் ஐயம் தோன்றுமாயின், அதனை வாயினின்று வெளிவிடாது அடக்குக. பொறியின் வாயில் ஓர் எண்ணைத் திருத்தத் திறக்கும். சொல்லிவிட்ட பழியைத் திரும்பப் பெறுதற்கு அத்தகைய எளிய வழி இல்லை.